வட்டத் தகடு யார் பெயரைச் சொல்கிறது? பழைய டேனிஷ் சோபா ஒன்றின் வடிவமைப்பாளரைத் தேடிய நிகழ்வு ஆய்வு

மூன்று பேர் அமரும் சோபா. சட்டம் முழுக்கத் தேக்கு. கைப்பிடிகள் வளைந்து ஓடுகின்றன, கால்கள் கீழே போகப்போக மெலிகின்றன. இருக்கைக்கும் முதுகுக்கும் தனித்தனிக் குஷன்கள். சட்டத்தின் உட்புறத்தில், கண்ணில் படாத இடத்தில், நாணயம் போன்ற ஒரு வட்ட உலோகத் தகடு பதிந்திருக்கிறது. அதில் உள்ள பெயர் ‘ஃபிரான்ஸ் அண்ட் டேவர்கோசன்’. விற்பனைக் குறிப்பில், பெயர்பெற்ற டேனிஷ் வடிவமைப்பாளர் ஒருவரின் பெயரில், எழுதியிருப்பதோ ‘ஃபின் யூல் சோபா, 1960கள்’. அந்த ஒரு வரியில் இரண்டு தவறுகள். ஆண்டைத் தகடே மறுத்துவிடுகிறது. பெயரை மறுக்க அளவுநாடா வேண்டும், தொழிற்சாலையின் பழைய விலைப்பட்டியல் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது ஒரு குறிப்பிட்ட வீட்டின் சோபா அல்ல. ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் இதே கோலத்தில், இதே தவறான பெயருடன் அடிக்கடி வந்து நிற்கும் ஒரு வகை. ஒரே சோபாவைக் கையில் வைத்துப் பார்ப்பதுபோல் சொன்னால் வேலையின் வரிசை தெளிவாகும் என்பதால் இந்த முறை.

முதலில் தகடு. ஃபிரான்ஸ் என்பது நாட்டின் பெயர் அல்ல, சி. டபிள்யூ. ஃபிரான்ஸ் என்ற ஆங்கிலேயரின் குடும்பப்பெயர். இதைப் பார்த்து ‘பிரெஞ்சு சோபா’ என்று எழுதிவைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர் எரிக் டேவர்கோசனுடன் சேர்ந்து 1948-இல் டென்மார்க்கில் இந்தப் பெயரில் நிறுவனத்தைத் தொடங்கினார். 1957-இல் பெயர் ‘ஃபிரான்ஸ் அண்ட் சோன்’ என்று மாறியது. 1960களின் நடுவில் நிறுவனம் பவுல் கடோவியுஸ் கைக்குப் போய் ‘காடோ’ ஆனது. ஆகவே டேவர்கோசன் பெயருள்ள தகடு என்றால் சோபா 1948-க்கும் 1957-க்கும் இடைப்பட்டது. மீந்துபோன பழைய தகடுகள் பெயர் மாறிய பிறகும் சில மாதம் ஒட்டப்பட்டிருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தாலும் ‘1960கள்’ நிற்காது. அமெரிக்காவுக்குப் போனவற்றில் ஜான் ஸ்டூவர்ட் என்ற நியூயார்க் விற்பனையாளரின் தகடும் இருக்கும். அது கடைக்காரர் பெயர். அதை வடிவமைப்பாளராக எடுத்துக்கொண்ட குறிப்புகளும் உண்டு.

சிலவற்றில் ‘டேனிஷ் ஃபர்னிச்சர்மேக்கர்ஸ் கன்ட்ரோல்’ என்ற தர முத்திரை தென்படும். அந்தத் தரக்கட்டுப்பாடு 1959-இல் வந்தது. டேவர்கோசன் தகடும் இந்த முத்திரையும் ஒரே சட்டத்தில் இருந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்பட வேண்டும். இரண்டில் ஒன்று வேறு சட்டத்திலிருந்து வந்திருக்கலாம்.

தகடு இடம் மாறியதா என்று பார்ப்பது கடினமில்லை. பக்கவாட்டில் டார்ச் அடித்து விளிம்பைப் பாருங்கள். அறுபது எழுபது ஆண்டு ஒரே இடத்தில் இருந்த தகட்டைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒரு கருவளையம் கட்டியிருக்கும். குழியின் சுவர் சுற்றியுள்ள மரத்தின் நிறத்திலேயே இருக்கும். புதிதாகக் குடைந்த குழி வெளிறித் தெரியும். தகட்டின் மேலேயே பாலிஷ் ஓடியிருந்தால் சட்டம் பிறகு மறுபாலிஷ் செய்யப்பட்டது என்று பொருள், போலி என்று பொருளல்ல. தகடே இல்லாமல் வெறும் வட்டக் குழி மட்டும் இருக்கும் சட்டங்களும் வரும். தகட்டை மட்டும் பெயர்த்து எடுத்துப்போகும் வழக்கம் இருப்பதால் குழியையும் ஒரு தடயமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கத்தியால் நெம்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஒருமுறை கழன்ற தகடு பசை போட்டு ஒட்டப்பட்ட பிறகு எதற்கும் சாட்சி சொல்லாது.

இதுவரை கிடைத்தது தயாரிப்பாளர், நாடு, ஏறத்தாழ ஒன்பதாண்டு இடைவெளி. வடிவமைப்பாளர் இன்னும் கிடைக்கவில்லை. குழப்பம் தொடங்குவது இங்கேதான். கெடாமா போன்ற வேறொரு டேனிஷ் தொழிற்சாலை என்றால் சட்டத்தில் சுட்ட முத்திரையிலேயே வடிவமைப்பாளர் ஹான்ஸ் வேக்னர் பெயர் பல நேரம் இருக்கும், வேலை பாதியில் முடிந்துவிடும். (கெட்ஸ்டெட் என்ற ஊரின் கடற்பாசி, மெத்தைத் தொழிற்சாலை என்பதன் சுருக்கம்தான் கெடாமா. மெத்தைக்குள் கடற்புல் அடைத்த காலத்துப் பெயர்.) ஃபிரான்ஸ் நிறுவனமோ ஒரே கூரையின்கீழ் பலரிடம் வரைபடம் வாங்கியது. ஃபின் யூல், ஓலே வான்ஷர், பீட்டர் விட் - ஓர்லா மோல்கோர்-நீல்சன் இணையர், எட்வர்ட் - டோவே கின்ட்-லார்சன் தம்பதி, கிரெத்தே யால்க், ஆர்னே வொடர் எல்லோருடைய சோபாவிலும் ஒட்டியது ஒரே வட்டத் தகடுதான்.

மாதிரி எண் கிடைத்தால் போதுமே என்று தோன்றும். எண் உதவும், ஆனால் சரியான எண்ணாக இருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் எண்கள் வடிவமைப்பாளர்வாரியாக ஓடவில்லை. 116 வான்ஷருடையது. 117 கின்ட்-லார்சன் தம்பதியுடையது. 118 யால்க்குடையது. 133 யூலின் ‘ஸ்பேட்’ நாற்காலி, 137 அவருடைய ‘ஜப்பான்’ வரிசை. பக்கத்துப் பக்கத்து எண்களே மூன்று வெவ்வேறு கைகள். ‘நூற்றுச் சொச்சம், அதனால் யூல்’ என்ற தர்க்கம் செல்லாது. சட்டத்தின் அடியில் தெரியும் எண்ணையெல்லாம் மாதிரி எண்ணாகவும் எடுத்துவிடக் கூடாது. பென்சிலில் எழுதியது தச்சர் இடக்கை, வலக்கைத் துண்டுகளை ஜோடி சேர்க்கப் போட்ட குறியாக இருக்கலாம். மை முத்திரை ஏற்றுமதிச் சரக்கு எண்ணாக இருக்கலாம். சுண்ணக்கட்டியில் இருந்தால் பெரும்பாலும் ஏலக்கூடத்து வரிசை எண்.

மரம்

தமிழ் வாசகருக்குத் தேக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் சோபாவில் கண் ஏமாறும். தேக்கு நிறம் ஏற்றிய பீச் மரம் டேனிஷ் தளவாடங்களில் நிறையவே உண்டு. காலின் பக்கவாட்டில் சிறு சிறு கருங்கோடுகள், கடுகை இழுத்துத் தேய்த்தாற்போல், சிதறித் தெரிந்தால் அது பீச். காலின் அடிமுனையைப் பார்ப்பது இன்னும் நல்லது. அங்கே நிறம் ஏறியிருக்காது, ஏறினாலும் தேய்ந்துபோயிருக்கும். தேக்கின் வெட்டுமுகத்தில் ஆண்டு வளையத்தை ஒட்டிப் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை. தேக்கு என்ற பெயரில் வரும் ஆப்பிரிக்க அஃப்ரோர்மோசியாவில் அந்தப் பசை இல்லை. இழையும் நுண்ணியது. இரும்புத் திருகும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அது கறுத்துவிடும்.

மரம் தயாரிப்பாளரை உறுதி செய்யவும் கொஞ்சம் உதவும். தேக்கில் உள்ள சிலிக்கா சாதாரண எஃகு வாளைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஃபிரான்ஸ் தொழிற்சாலை கார்பைடு முனை வைத்த வெட்டுக்கருவிகளோடு தேக்கைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த இடம். எனவே இடக் கைப்பிடியும் வலக் கைப்பிடியும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருக்க வேண்டும். கையால் செதுக்கும் சிறு பட்டறை வேலையில் இந்த ஒப்புமை வராது. காலிபர் வைத்து இரு கைப்பிடியின் கனத்தையும் முன்முனையிலிருந்து 10, 20, 30 செ.மீ. தூரங்களில் அளந்து எழுதுங்கள். மூன்றிடத்திலும் ஒரு மி.மீ.க்குள் பொருந்தினால் இயந்திரத் தொடர்வேலை. ஒரே இடத்தில் மட்டும் 2 மி.மீ. குறைந்தால் அங்கே பிற்பாடு யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

பிரேசில் ரோஸ்வுட் என்று விற்பவர் சொன்னால் அது வேறு தலைவலி. அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பழைய சோபாவானாலும் எல்லை கடக்கத் தாள்கள் வேண்டும். நம்மூர் தோதகத்தி அதற்கு உறவுமரம், அதே டால்பெர்ஜியா பேரினம். 2017 தொடக்கத்தில் அந்தப் பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது.

பிரித்துப் பார்த்தல்

ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டது என்பதால் இந்தச் சோபாக்கள் பல பிரித்துக் கட்டும் வகை. பக்கச் சட்டம் இரண்டு, நெடுஞ்சட்டங்கள், முதுகு. எல்லாம் போல்ட்டில் நிற்கும். பிரித்தால்தான் மறைந்த முகங்கள் தெரியும். பிரிக்கும் முன் ஒவ்வொரு போல்ட்டுக்கும் காகித ஒட்டியில் எண் போட்டு, வெளிவந்த அதே துளைக்குத் திரும்பும்படி வையுங்கள்.

புதிய போல்ட் வாங்கிப் போடும்போதுதான் நிறையச் சட்டங்கள் பாழாகின்றன. மெட்ரிக் எம்8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ. விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவுமுறையின் 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., மரை இடைவெளி 1.41 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. முதல் இரண்டு சுற்று இரண்டுமே ஏறும், மூன்றாவதில் இறுகும், அதற்குமேல் அழுத்தினால் உள்மரை உரிந்துவிடும். மரைமானி வைத்துப் பார்த்த பிறகே திருகுங்கள். பழைய போல்ட்டைத் தூக்கிப்போடாதீர்கள், அது தடயம். திருகுத் தலையும் பேசும். குறுக்குக் கோடுகளுக்கு நடுவே கூடுதலாக நான்கு மெல்லிய கீறல் உள்ள போஸிட்ரைவ் தலை 1960களில்தான் வந்தது. டேவர்கோசன் காலச் சட்டத்தில் அது இருந்தால் அந்த இடம் பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது.

குஷனைத் தாங்கும் அமைப்பு, ரப்பர் பட்டையோ ஸ்பிரிங்கோ எதுவானாலும், பலவீனமான சாட்சி. ரப்பர் பட்டைகள் காலப்போக்கில் காய்ந்து வெடிப்பதால் மாற்றப்படாதது அபூர்வம். பட்டை எதில் மாட்டியது என்பதுதான் முக்கியம். சட்டத்தில் வெட்டிய நீளக் காடியா, மரக் குமிழா, வெறும் ஆணித்துளையா? காடி தொழிற்சாலை வேலை. ஆணித்துளை வரிசை பெரும்பாலும் பிறகு வந்த பழுது. குஷனும் அப்படித்தான். இந்த நிறுவனத்துக்கு மெத்தைத் தொழில் பின்னணி உண்டு, உள்ளே ஸ்பிரிங் வைத்த குஷன்கள் அதன் அடையாளம். ஃபோம் இருந்தால் மாற்றியிருக்கிறார்கள். ஃபோம் உயரம் மாறினால் இருக்கை உயரமும் மாறும். ஆகவே இருக்கை உயரத்தைக் குஷனோடு அளந்து விலைப்பட்டியலுடன் ஒப்பிடுவது வீண். சட்டத்தின் மேல்விளிம்பு வரை அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால்

ஃபின் யூல் (1912–1989) கட்டடக் கலைஞராகப் படித்தவர், தச்சராக அல்ல. தாங்குவதையும் தாங்கப்படுவதையும் பிரித்துக் காட்டுவது அவர் பழக்கம். இருக்கை சட்டத்தின்மேல் அழுந்தி உட்காராமல், இடையில் வெளிச்சம் தெரிய மிதப்பதுபோல் நிற்கும். சோபாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து பாருங்கள். முன் குறுக்குச்சட்டத்துக்கும் இருக்கைக்கும் நடுவே அந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறதா? நம் சோபாவில் இல்லை, குஷன் சட்டத்துக்குள் அடங்கி உட்காருகிறது. இது மட்டுமே யூலை நீக்கிவிடாது, ஆனால் நிரூபிக்கும் பாரம் விற்பவர் தலைக்குப் போய்விடுகிறது.

ஓலே வான்ஷர் (1903–1985) டேனிஷ் தளவாட வடிவமைப்பின் ஆசான் கோரே கிளின்ட்டின் மாணவர். பழைய ஆங்கிலத் தளவாடங்களையும் எகிப்திய இருக்கைகளையும் ஆராய்ந்தவர். அவர் கையில் மரம் மெலிந்து, கோடு அடங்கி நிற்கும். வளைவு உண்டு, வளைவைக் காட்டிக்கொள்ளும் ஆசை இல்லை. நம் கைப்பிடியின் அகலமான ஓட்டத்துக்கு அவர் பொருந்தவில்லை. விட் - மோல்கோர்-நீல்சன் இணையர் தொழிற்சாலையை நினைத்து வரைந்தவர்கள், 1950-இன் ஏஎக்ஸ் நாற்காலியில் மரத் தகடுகளை அடுக்கி ஒட்டியவர்கள். கைப்பிடியின் முனையில் அடுக்குக் கோடு இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்தோமானால் இங்கே ஒரே மரம். அவர்கள் திடமரத்திலும் வரைந்திருப்பதால் இதுவும் முழு நீக்கம் அல்ல.

மீதி நிற்பவர்கள் கின்ட்-லார்சன் தம்பதி, யால்க், வொடர். இதற்குமேல் பாணியைப் பார்த்துப் பேசுவது ஜோசியம். எல்லோரும் ஒரே நகரத்தில், பெரும்பாலும் ஒரே கல்விமரபில் வந்தவர்கள், ஒருவர் வேலையை ஒருவர் ஆண்டுதோறும் கோபன்ஹேகன் தச்சர் சங்கக் கண்காட்சியில் பார்த்தவர்கள். ‘கைப்பிடி யூல் மாதிரி இருக்கிறது’ என்றால் அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்குச் சொல்லலாம்.

அளவும் பட்டியலும்

எட்டு அளவுகள் போதும்: மொத்த அகலம், ஆழம், முதுகின் உயரம், கைப்பிடி உயரம், கைப்பிடியின் அதிகபட்ச அகலம், அதன் கனம், முன்கால் - பின்கால் மைய இடைவெளி, ஒரே பக்கத்துப் போல்ட் மையங்களுக்கு நடுவிலான தூரம். கடைசி இரண்டையும் யாரும் எழுதிவைப்பதில்லை. நம்பத்தக்கவை அவைதான். உயரங்கள் நம்பத்தகாதவை. கால் அடி தேயும், மேடுபள்ளத் தரைக்காகக் கால் அறுக்கப்படும், 1 செ.மீ. குறைவது சாதாரணம். துளை மையங்களை யாரும் நகர்த்துவதில்லை.

புகைப்படம் பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். கேமரா கைப்பிடி உயரத்தில், குறைந்தது 3 மீட்டர் தள்ளி. கைபேசியின் அகலக்கோண லென்ஸை வைத்து ஒரு மீட்டரில் எடுத்தால் முன்கால் தடித்து, பின்கால் சாய்வு பொய்யாகத் தெரியும். நல்ல படத்தை விலைப்பட்டியல் படத்தின்மேல் பாதி ஒளிபுகும்படி பதித்து, கால் இடைவெளி பொருந்துமாறு அளவை மாற்றிவிட்டுக் கைப்பிடி வளைவைப் பாருங்கள். மொத்த அகலத்தைப் பொருத்தித் தொடங்கினால் தவறும். ஒரே மாதிரி இருவர், மூவர், நால்வர் அமரும் அகலங்களில் வந்திருக்கும்.

எங்கே தேடுவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ‘தான்ஸ்க் மோபெல்குன்ஸ்ட் கென்னெம் 40 ஓர்’ (டேனிஷ் தளவாடக் கலையின் 40 ஆண்டுகள்) என்ற நான்கு தொகுதி நூல் (1987) இந்தத் துறையின் அடிப்படை ஆதாரம். அதை முதலில் எடுத்துப் புரட்டிவிட்டு, ‘இல்லை, ஆக முக்கியமில்லாத சோபா’ என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அந்த நூல் 1927 முதல் 1966 வரையிலான தச்சர் சங்கக் கண்காட்சிகளைப் பற்றியது. தொழிற்சாலைத் தொடர் உற்பத்தி அதன் எல்லைக்கு வெளியே. ஃபிரான்ஸ் நிறுவனச் சோபாவுக்கு அந்நிறுவனத்தின் விலைப்பட்டியல்களும், டென்மார்க் வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் தளவாட அட்டவணையும், ‘மொபிலியா’ இதழின் பழைய விளம்பரப் பக்கங்களும்தான் இடம். அந்த நான்கு தொகுதிகளையும் பதிப்பித்தவர் கிரெத்தே யால்க் என்பது இந்தக் கதையின் சின்ன வேடிக்கை.

இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடினால் நூறு பேர் ‘ஃபின் யூல்’ என்று காட்டுவார்கள். அந்த நூறும் ஒரே விற்பனைக் குறிப்பின் பிரதிகளாக இருக்கலாம். பழைய விலைப்பட்டியலையோ வரைபடத்தையோ காட்டாத குறிப்பு எத்தனை வந்தாலும் கணக்கு பூஜ்யம்தான். ‘யூலுடையது எனக் கருதப்படுகிறது’ என்ற சொற்றொடரை ஏலக்கூடங்கள் பொறுப்பைக் கழற்றிவைக்கவே பயன்படுத்துகின்றன. நாட்டையே தவறவிடுவதும் நடக்கும். டுக்ஸ் நிறுவனத்துக்கு வரைந்த ஃபோல்கே ஓல்சன் ஸ்வீடன்காரர், அவர் சோபாக்கள் டேனிஷ் என்றே விற்கப்படுகின்றன. மறுபக்கம், யோஹானஸ் ஆண்டர்சன் டென்மார்க்காரர், அவருடைய ‘காப்ரி’ சோபாவைச் செய்தது ஸ்வீடனின் டிரென்சும்.

நம் சோபா 118-உடன் பொருந்துகிறது. கால் இடைவெளியை நிலையாக வைத்தபோது கைப்பிடியின் வளைவு தொடக்கம் முதல் முனை வரை படத்தோடு சேர்ந்து ஓடுகிறது. 117-ஐ வைத்துப் பார்த்தால் ஓடவில்லை. எதிர்ச்சோதனை செய்யாமல் பொருத்தத்தை நம்பக் கூடாது. பாதி ஒளிபுகும் படத்தில் எதை வைத்தாலும் ‘ஏறக்குறைய’ பொருந்துவதுபோல் கண் சொல்லும்.

ஆக, கிரெத்தே யால்க் (1920–2006). தச்சுவேலையும் கற்று, கிளின்ட் வழியில் படித்தவர். 1963-இல் வளைத்து ஒட்டிய மரத்தகடுகளால் அவர் செய்த ஜிஜே நாற்காலியை அருங்காட்சியகங்கள் வாங்கிவைத்திருக்கின்றன. அதே கை தொழிற்சாலைக்காக வரைந்த சோபாக்கள் மட்டும் பெயரில்லாமலோ யூல் பெயரிலோ புழங்குகின்றன. யூல் என்றால் விலை ஏறும் என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பதிவில் உறுதியானதையும் ஊகத்தையும் ஒரே வரியில் கலக்கக் கூடாது. இப்படி எழுதலாம்:

தயாரிப்பு: ஃபிரான்ஸ் அண்ட் டேவர்கோசன், டென்மார்க், 1957-க்கு முன். தகடு அசல் இடத்தில், கருவளையம் உடையாமல் இருக்கிறது. வடிவமைப்பு: கிரெத்தே யால்க், மாதிரி 118, மூவர் அகலம். விலைப்பட்டியல் படத்துடன் கால் இடைவெளி, கைப்பிடி வளைவு இரண்டும் ஒப்பிடப்பட்டன, 117-உடன் பொருந்தவில்லை. சட்டத்தில் எண் இல்லை. தேக்கு திடமரம், ஒருமுறை மறுபாலிஷ். ரப்பர் பட்டைகளும் ஃபோமும் பிற்காலத்தவை. போல்ட்டுகளில் ஒன்று போஸிட்ரைவ் தலை, மாற்றப்பட்டது. பழையது இல்லை.